மதுரைக்கு ஒரு கால்பந்து அணி தகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

எந்த ஊருக்கு அணி கேட்டாலும் முதலில் எடுத்து வைப்பது மக்கள்தொகையைத்தான். மதுரைக்கும் அப்படியே. 2011 கணக்கெடுப்புப்படி நகரமும் ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 14.65 லட்சம் பேர், மாவட்டம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல். கோவை நகரத் தொகுப்பில் 21 லட்சம், திருச்சியில் 10 லட்சம். இதை வைத்து வரிசை போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் மிசோரமின் ஐஸால் எஃப்.சி. 2016-17ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் வென்றபோது, அந்த ஊரின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி மூன்று லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் 2022 இறுதி ஆட்டத்தில் கேரளம் பெனால்ட்டியில் வங்காளத்தை வென்ற மஞ்சேரி, மலப்புறம் மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சி.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு புதன்கிழமை சாயங்காலம், எதிரணி யாரென்றே தெரியாத ஓர் ஆட்டத்துக்குக் காசு கொடுத்து எத்தனை பேர் வருவார்கள்? வந்தவர்கள் உட்கார இடமும், ஆடுகிறவர்களுக்குக் காலை உடைக்காத திடலும் ஊரில் இருக்கிறதா? இதற்கு நேர்மையான விடை காண ஒரு பருவம் முழுக்கத் தேவை. ஐந்தாறு பேர் கொண்ட குழு போதும். 100 மீட்டர் டேப், நைலான் கயிறு, முளைக்குச்சி, வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டர், ஒரு நோட்டு. இவ்வளவுதான் சாமான்.

திடலில் இருந்து தொடங்குங்கள்

ஸ்பான்சர் தேடுவதற்கு முன், லோகோ வரைவதற்கு முன், திடலை அளந்துவிடுங்கள். தேசிய லீக்குகள் கேட்பது 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். கொத்தனார்கள் சுவருக்கு மூலை எடுக்கும் 3-4-5 முறையிலேயே (பக்கங்கள் 3, 4, 5 மீட்டர் வரும் முக்கோணம்) செங்கோணம் எடுக்கலாம். பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் 125 மீட்டர் 10 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் திடல் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய கல்லூரி மைதானங்களில் இது சாதாரணமாக வரும் கோளாறு. காரணம், வருஷா வருஷம் போன வருஷத்துச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே புதுக் கோடு போடுவது.

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் போல 400 மீட்டர் ஓடுதளத்துக்கு உள்ளே திடல் இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. பொதுத்தரப்படி அமைந்த ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். 105 மீட்டர் திடல் ஒவ்வொரு பக்கமும் 10 மீட்டருக்கு மேல் வளைவுக்குள் நுழையும். அந்த இடத்தில் ஓடுதளத்தின் உள்விளிம்பு நடுக்கோட்டில் இருந்து 35 மீட்டரில் நிற்கும், திடலின் மூலையோ 34 மீட்டரில். ஆக, கார்னர் கொடிக்கும் ஓடுதளத்தின் விளிம்புக்கும் இடையே ஒரே ஒரு மீட்டர். கார்னர் எடுப்பவர் சிந்தெடிக் தளத்தில் நின்று ஓடிவந்து புல்லில் கால் வைத்து உதைக்க வேண்டியிருக்கும். ஸ்டட் வைத்த பூட்ஸ் சிந்தெடிக்கில் வழுக்கும், தளமும் கிழியும். அந்த இடத்தில் போடக் கழற்றி மாட்டும் செயற்கைப்புல் விரிப்பு வேண்டும். விளிம்பில் உயர்ந்து நிற்கும் அலுமினியக் கட்டை கழற்றக்கூடியதா என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்ற முடியாத கட்டை என்றால் அது ஒரு ஆட்டக்காரரின் கணுக்காலுக்குக் காத்திருக்கிறது.

ஓடுதளம் பார்வையாளரையும் தள்ளி வைக்கிறது. தடம் ஒன்றுக்கு 1.22 மீட்டர், எட்டுத் தடத்துக்கு 9.76 மீட்டர், பக்கக்கோட்டில் இருந்து விளிம்பு வரை இன்னொரு 2.5 மீட்டர். கேலரியின் முதல் படியே ஆட்டத்தில் இருந்து 12 மீட்டருக்கு அப்பால். கத்துவது ஆட்டக்காரர் காதில் விழாத அரங்கில் ரசிகர் கூட்டம் வளர்வது கஷ்டம். கோவை நேரு விளையாட்டரங்கிலும் ஓடுதளம்தான், அங்கே ஆடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டமே வென்றதே என்று பதில் வரலாம். வென்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கீழே சொல்கிறோம்.

அடுத்து மண். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நம் ஊர்க் கால்பந்து ஆசைகள் பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கின்றன. தேசிய லீக் பருவம் வழக்கமாக அக்டோபர் வாக்கில் தொடங்கும். மதுரைக்கு மழை பெய்வதும் அக்டோபர், நவம்பரில்தான். வடகிழக்குப் பருவமழையும் முதல் நான்கு உள்ளூர் ஆட்டங்களும் ஒன்றாக வந்து இறங்கும். அதனால் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று சோதியுங்கள். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 30 சென்டிமீட்டர் துண்டாக அறுத்து, பத்து சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகும்படி அடியுங்கள். முதல் தடவை ஊற்றும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காதீர்கள், காய்ந்த மண் எதையும் குடிக்கும். மண் நன்றாக ஊறிய பிறகு மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று ஸ்கேலால் பாருங்கள். இரண்டு கோல் வாய், நடுவட்டம், நான்கு மூலை என ஏழு இடத்தில் செய்யுங்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடமெல்லாம் கனமழைக்குப் பிறகு குளம் கட்டும். ஒரு வண்டி ஆற்றுமணல் கொட்டினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். மேலே மட்டும் மணல் போட்டால் அடியில் களிமண் அப்படியே கிடக்கும், தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் தேங்கி, புல்வேர் அழுகும். சரியான வழி, அடியில் துளைக்குழாய் பதித்து, அதன்மேல் சரளை, அதன்மேல் மணல் கலந்த வேர்மண் என்று அடுக்குவது. அதற்குத் திடலை ஒரு கோடை முழுக்க மூடிப்போட வேண்டும்.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது கரிசல். மழையில் பசை மாதிரி ஒட்டும், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அங்கே திடல் போட வேண்டுமானால் மேல்மண்ணையே வெட்டி எடுத்து மாற்றும் செலவையும் நிலத்தின் விலையோடு கூட்டுங்கள்.

சரிவையும் பாருங்கள். நடுக்கோட்டில் இருந்து பக்கக்கோடு வரை 0.5 முதல் 1 சதவீதம் இறங்க வேண்டும். 34 மீட்டருக்கு அது 17 முதல் 34 சென்டிமீட்டர். கட்டட வேலையில் பிடிக்கும் டியூப் லெவலை இரண்டு கட்டமாகப் பிடித்தால் போதும். புல்லுக்கு வெளிநாடு போக வேண்டாம். வெப்ப நாடுகளில் கால்பந்துத் திடலில் போடும் பெர்முடா புல், நம் அருகம்புல் இனம்தான். விளையாட்டுக்கென்று வளர்த்த கலப்பு ரகங்கள் இன்னும் அடர்த்தியாக வரும். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும் என்பதால் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் இடங்களுக்கு ஏற்றது. ஆனால் நிழலில் வளராது. மேற்கே உயரமான கேலரி எழுப்பினால் அந்தப் பக்கம் புல் சோர்ந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு மதுரையில் தனித் தலைப்பு. திடலும் ஓரமும் சேர்த்து 8,000 சதுர மீட்டர். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் கொடுக்க வேண்டும். அதாவது 40,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் மூன்று நடைக்கு மேல், தினமும். குடங்களோடு வரிசை நிற்கும் மாதத்தில் லாரித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றினால் அணிக்கு ஊரில் கெட்ட பெயர்தான் மிஞ்சும், அது நியாயமும்கூட. அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களின் தண்ணீருக்கு மாநகராட்சியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்கும்வரை திடல் பட்டியலில் அந்த இடத்துக்கு எதிரே டிக் அடிக்காதீர்கள்.

வெளிச்சம், வெயில், வாசல்

விளக்குக் கோபுரம் இல்லாத திடலில் ஆட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பீர்கள்? நவம்பர் கடைசியில் மதுரையில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆட்டம், இடைவேளை, கூடுதல் நிமிடம் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அப்படியானால் மூன்றே முக்காலுக்காவது தொடங்க வேண்டும். வேலைக்குப் போகும் ஆள் ஒருவரும் வர முடியாது. மார்ச்சில் அதே நேரம் வெயில் மண்டையைப் பிளக்கும். வெட்பல்ப் குளோப் அளவில் 32 டிகிரி தாண்டினால் தண்ணீர் இடைவேளை விட வேண்டும் என்கிறது ஃபிஃபா. இந்த அளவு ஈரப்பதம், நேரடி வெயில் எல்லாவற்றையும் சேர்த்தது, செல்போனில் தெரியும் வெப்பநிலை வேறு. குளிர்ப் பிரதேசத்தில் இருந்து வரும் அணிக்கு இது ஆபத்து. அதனால் விளக்கு ஆடம்பரச் செலவில் சேராது. நேரலை ஒளிபரப்புக்கு ஆயிரம் லக்ஸுக்குக் குறையாமல் கேட்பார்கள். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி எனக் கட்டம் போட்டு, தரையில் இருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மீட்டரைப் பிடித்து அளவு எடுங்கள். சராசரி நன்றாக வந்து ஒரு மூலை மட்டும் இருட்டாக இருந்தால் அந்தத் திடல் தேறாது. கோல்கீப்பருக்குப் பந்து தெரியாமல் போவது அந்த மூலையில் இருந்து வரும் கிராஸில்தான்.

கேலரியின் கொள்ளளவை ஒப்பந்தக்காரர் சொல்லும் எண்ணில் இருந்து எடுக்காதீர்கள். ஆளுக்கு அரை மீட்டர், பத்து மீட்டர் படிக்கு இருபது பேர். இப்படி நீங்களே எண்ணுங்கள். பிறகு வாசல். சமதளப் பாதையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் வெளியேற முடியும் என்பது பிரிட்டனின் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி தரும் கணக்கு. ஐயாயிரம் பேர் எட்டு நிமிடத்தில் வெளியே வர, படிக்கட்டாக இருந்தால் எல்லா வழியும் சேர்ந்து ஒன்பதரை மீட்டர் அகலம் திறந்திருக்க வேண்டும். பூட்டிய கேட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ‘சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது’ என்று சொல்லப்படும் கேட்டும் பூட்டிய கேட்டுதான். பெண்கள் கழிவறை எத்தனை, ஆட்ட நாளில் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் இரண்டாவது ஆட்டத்துக்கு வருவார்களா என்பதை அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான்.

தலையை எண்ணும் முறை

இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டத்தை எண்ணாதீர்கள். மெஸ்ஸி, ரொனால்டோ பிளெக்ஸ் வைக்கும் கூட்டத்தையும் எண்ணாதீர்கள். அவர்கள் ரசிகர்கள்தான், ஆனால் நடுராத்திரியில் போனில் பார்ப்பதும், ரேஸ்கோர்ஸுக்கு டிக்கெட் எடுத்து வருவதும் இரண்டு வேறு பழக்கங்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் டோர்னமெண்டும் அளவுகோல் ஆகாது. அங்கே வருபவர்களில் பாதிப்பேர் ஆடும் பையன்களின் தெருக்காரர்கள்.

எண்ண வேண்டியது மாவட்ட லீக்கின் வார நாள் ஆட்டத்தை. பதினைந்தாவது நிமிடம், இடைவேளை, எழுபத்தைந்தாவது நிமிடம் என்று மூன்று தடவை எண்ணுங்கள். கடைசி எண்ணிக்கைதான் உண்மையானது. இலவசமாக வந்து எழுந்து போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். பிறகு ஒரு சோதனைத் தொடர் நடத்துங்கள்: நான்கு வாரம், வாரம் ஓர் ஆட்டம், டிக்கெட் 50 ரூபாய், ஓசிப் பாஸ் யாருக்கும் கிடையாது. ஸ்பான்சர் கேட்டாலும், தெரிந்த அதிகாரி கேட்டாலும் காசு கொடுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு நூறு பாஸ் கொடுத்தால் அடுத்த ஆட்டத்துக்கு நூறு பேர் டிக்கெட் எடுக்கமாட்டார்கள். டிக்கெட்டின் பின்பக்கம் ஊர்ப்பெயர் எழுத ஓர் இடம் விட்டு, வாசலில் வாங்கிப் பெட்டியில் போடுங்கள். முதல் வாரக் கூட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நான்காவது வாரம் முதல் வாரத்தில் பாதிக்குக் கீழே விழுந்தால் ஊருக்கு இருப்பது ஆர்வம் மட்டும்தான், பழக்கம் இன்னும் வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு நின்றால் அங்கே ஓர் அணியை வளர்க்கலாம்.

பெட்டியில் உள்ள ஊர்ப்பெயர்களைப் பிரித்தால் உங்கள் வட்டம் தெரியும். மதுரையின் பலம் இதில்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, தேனி நான்கும் சுமார் இரண்டு மணி நேர பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன. மருத்துவமனைக்கும் நகைக்கடைக்கும் ஜவுளிக்கும் மதுரைக்கு வருவது அந்த ஊர்களுக்குப் பழக்கம். ஆனால் வட்டத்தைக் கிலோமீட்டரில் வரையாதீர்கள், கடைசி பஸ்ஸில் வரையுங்கள். ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடிந்து, கூட்டம் கலைந்து, ரேஸ்கோர்ஸில் இருந்து ஆட்டோ பிடித்து ஆரப்பாளையம் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிடும். பெரியகுளத்துக்கும் போடிக்கும் அதற்குப் பிறகு என்ன வண்டி இருக்கிறது? ராமநாதபுரம், அருப்புக்கோட்டைக்காரர்கள் மாட்டுத்தாவணி போக வேண்டும். ஐந்தரைக்கோ ஆறுக்கோ தொடங்கினால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

இளைஞர் லீக்கை எண்ணுவது கூட்டத்தை எண்ணுவதைவிட முக்கியம், யாரும் செய்வதில்லை. மாவட்டத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ வருஷத்துக்கு எத்தனை போட்டி ஆட்டம் ஆடுகிறார்கள் என்று பத்துப் பேரிடம் கேட்டு எழுதுங்கள். நாக் அவுட் முறையில் முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்றே பஸ் ஏற வேண்டியதுதான். அப்படி வருஷத்துக்கு ஐந்தாறு டோர்னமெண்டுக்குப் போய்ப் பத்து ஆட்டம் ஆடிய பிள்ளையும், வாரா வாரம் லீக்கில் இருபத்தைந்து ஆட்டம் ஆடிய பிள்ளையும் பதினெட்டு வயதில் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள். தேசிய லீக்கில் ஆட அணிகள் பெற வேண்டிய உரிமத்துக்கான லைசென்சிங் விதிகள் வயதுவாரி அணிகளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஊரில் லீக் இல்லையென்றால் அந்த அணிகள் காகிதத்தில் மட்டும் இருக்கும். ரெஃப்ரிகள் எத்தனை பேர், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) ‘சி’, ‘பி’, ‘ஏ’ லைசென்ஸ் வைத்திருக்கும் கோச்சுகள் எத்தனை பேர் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

நாட்காட்டியும் பணமும்

லீக் அட்டவணை கேட்கும்போதே இந்த ஊரின் நாட்களைக் கட்டிப்போட்டுக் கொடுக்க வேண்டும். பொங்கல் மூன்று நாளும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களுக்குப் போலீஸ் மொத்தமும் போய்விடும். ஆட்டத்துக்குப் பந்தோபஸ்து கிடைக்காது, ஆளும் வராது. சித்திரைத் திருவிழா நாட்களில், அதிலும் எதிர்சேவை அன்று, தல்லாகுளம் பக்கம் பஸ்ஸில் அணியைக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தைத் தள்ளி ஆட்டம் வையுங்கள். பெரிய முகூர்த்த நாளில் எதிரணிக்குப் பதின்மூன்று அறை ஒரே ஹோட்டலில் கிடைப்பது குதிரைக்கொம்பு. அரசு விளையாட்டரங்கில் முதலமைச்சர் கோப்பை, பள்ளி விளையாட்டு விழாக்கள் முன்னுரிமை பெறும் என்பதால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் பருவம் முழுமைக்கும் தேதி வாங்கிவிடுங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் கேட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

பணக்கணக்கை இப்படிப் போடுங்கள். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் வையுங்கள். பன்னிரண்டு அணி லீக் என்றால் 22 ஆட்டம், அதில் 11 சொந்த ஊரில். ஆட்டக்காரர் 26 பேர், சராசரி மாதம் 50,000, எட்டு மாதம்: 1.04 கோடி. கோச், பிசியோ, மேலாளர், கிட்மேன் எல்லோருக்கும் மாதம் 5 லட்சம்: 40 லட்சம். வெளியூர்ப் பயணம் 25 பேருக்கு ஆளுக்கு 12,000 வீதம் 11 தடவை: 33 லட்சம். தங்குவதற்கு 15 லட்சம். சொந்த ஊர் ஆட்டம் நடத்த ஒவ்வொன்றுக்கும் 1.8 லட்சம் போட்டால் சுமார் 20 லட்சம். கூட்டினால் 2.12 கோடி. இதில் இளைஞர் அணிகள், வீட்டு வாடகை, சாப்பாடு, காயத்துக்கு அறுவைசிகிச்சை எதுவும் இல்லை. வரவு? சராசரி 4,000 பேர், செலவு போகக் கையில் நிற்பது ஆளுக்கு 60 ரூபாய் என்றால் 11 ஆட்டத்துக்கு 26.4 லட்சம். எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கை யார் தருவார் என்ற கேள்விக்குப் பெயரும் கையெழுத்தும் இருந்தால்தான் அணி. வாய்ச்சொல்லாக வந்த ஸ்பான்சரைப் பூஜ்யம் என்று எழுதுங்கள். கையெழுத்தும் மூன்று வருஷத்துக்கு வேண்டும். முதல் வருஷம் தோற்றுக்கொண்டிருக்கும்போது இரண்டாம் வருஷச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதுதான் ஆட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி. மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளிடம் பணமாகக் கேட்பதைவிட ஹாஸ்டல், மெஸ், ஜிம், பயிற்சித் திடலாகக் கேட்டால் எளிதில் கிடைக்கும். மேலே உள்ள பட்டியலில் அது கணிசமான தொகை.

எந்தக் கதவு

மேலே போக மூன்று வழி. மாநிலச் சங்கத்தின் மூலம் கீழ்த்தட்டுத் தேசிய லீக்கில் (2024-25ல் அது ஐ-லீக் 3) தொடங்கி, படிப்படியாக (அப்போது ஐ-லீக் 2, ஐ-லீக்) ஏறுவது ஒன்று. ரியல் காஷ்மீர் 2016-ல் உருவாகி இரண்டாம் டிவிஷன் வழியாகத்தான் ஏறியது. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்தால் அதற்கு மேல்தட்டான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) என்ற முறையில் 2022-23ல் பஞ்சாபும், 2023-24ல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே போயின. இரண்டாவது, நேரடி நுழைவுக்கு ஏலம் கேட்பது. பெங்களூரு எஃப்.சி. 2013-ல் இப்படி வந்தது. வாரணாசியின் இண்டர் காசி 2023-ல் இப்படித்தான் வந்தது, ஆனால் தன் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை வங்காளத்தின் கல்யாணியில் ஆடியது. திடலுக்கு முன்னால் அணியை வாங்கினால் நடப்பது இதுதான். மூன்றாவது, வேறு ஊரில் இருக்கும் அணியைப் பெயர்த்துக் கொண்டுவருவது.

எங்கள் கருத்து: மதுரை முதல் வழியில் போக வேண்டும். அதுவும் வெறும் கையோடு தொடங்க வேண்டியதில்லை. இந்த ஊரைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2018-19ல் இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன். இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது. 2021-22ல் இரண்டாம் இடம். ஆனால் அப்போதெல்லாம் லீக் ஒரே இடத்தில் நடந்தது. பட்டம் கிடைத்தது லூதியானாவில், இரண்டாம் இடம் வந்தது ஒடிசாவில். மதுரையின் சாம்பியனை மதுரையில் உட்கார்ந்து பார்க்க வழியே இருக்கவில்லை. 2023-24ல் லீக் சொந்த ஊர், வெளியூர் முறைக்கு வந்தது. ஆண்கள் அணிக்குக் கோடிகளைத் தேடுவதற்கு முன், அந்தப் பெண்களின் ஆட்டங்களுக்கு ரேஸ்கோர்ஸில் தேதி வாங்கி, 50 ரூபாய் டிக்கெட் போட்டு, மேலே சொன்னபடி நான்கு வாரம் எண்ணிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இந்த ஊருக்குக் கிடையாது. ஏற்கெனவே வென்று காட்டிய அணிக்கு ஊர் செலுத்த வேண்டிய கடனும் அதுதான்.

2025-ல் ஐ.எஸ்.எல். பருவம் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் குறித்த காலத்தில் தொடங்காமல் நின்றதையும் மறக்க வேண்டாம். ஒரே லீக்கின் கதவை மட்டும் நம்பிக் கட்டிய கணக்கு, அந்தக் கதவு மூடினால் நின்றுபோகும்.

மற்ற ஊர்கள்? கோவை முன்னால் நிற்கிறது, ஐ-லீக் ஆட்டங்களுக்குக் கூட்டம் வரும் என்று காட்டிய ஊர். ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தால் கன்னியாகுமரிக் கடற்கரைக்கு ஈடு இல்லை. தூத்தூர், இரவிபுத்தன்துறை கிராமங்கள் தேசிய அளவுக்கு ஆள் தந்துகொண்டே இருக்கின்றன. அங்கே அணியைவிட முதலில் வேண்டியது விளக்கோடு கூடிய ஒரு நல்ல திடல். திருச்சிக்கும் சேலத்துக்கும் இதே சோதனையைச் செய்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அணியைப் பெயர்த்துக் கொண்டுவருவதானால்

ரசிகர் உள்ள ஊரில் இருந்து அணியை எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் 2002-ல் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கொடுத்ததும், ரசிகர்கள் அதே ஆண்டில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஓர் அணி தொடங்கி, அடித்தட்டு லீக்கில் இருந்து ஏறி, 2020-ல் பழைய பிளவ் லேன் வட்டாரத்துக்கே புது அரங்கோடு திரும்பினார்கள். அமெரிக்காவில் கொலம்பஸ் க்ரூ அணியை ஆஸ்டினுக்குக் கொண்டுபோக 2017-ல் முயன்றபோது ரசிகர்கள் தடுத்து நிறுத்தினார்கள். ஆஸ்டினுக்கு 2021-ல் புது அணி கிடைத்தது. அப்படித்தான் நடக்க வேண்டும்.

ரசிகர் இல்லாமல் தள்ளாடும் அணியை எடுக்கலாம். 2019-ல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. கலிங்கா அரங்கம் அங்கே தயாராக இருந்தது. அதே ஆண்டு புனே அணி கலைந்த இடத்தில் வந்த ஐதராபாத் எஃப்.சி., 2021-22ல் கோப்பையே வென்றது. 2025-ல் அதுவும் டெல்லிக்குப் போய்விட்டது. சென்னை சிட்டி எஃப்.சி. கோவைக்கு வந்து 2018-19ல் ஐ-லீக் பட்டம் வென்றது, 2021-22 பருவத்துப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. கோப்பை ஓர் அணியை ஊரோடு கட்டிப்போடாது. காகிதம்தான் கட்டும்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் பேசும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறைந்தது பத்து வருஷத் திடல் உரிமை, அணி வெளியேறினால் செலுத்த வேண்டிய தொகை. பருவத்தின் சொந்த ஊர் ஆட்டங்களில் இத்தனை மதுரையில்தான் என்ற எண். டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் மதுரை பெயரில் ஓர் அணி 2018-ல் கோப்பை வென்றது, ஆனால் அந்தத் தொடரில் பக்கத்து ஆட்டத்துக்கே நத்தம் போக வேண்டியிருந்தது இந்த ஊருக்குத் தெரியும். இளைஞர் அணிகள் மாவட்டத்திலேயே இருக்க வேண்டும், அணி போனாலும் அவை உள்ளூர் அறக்கட்டளையின் கைக்கு வர வேண்டும். பெயர், நிறம், சின்னம் மூன்றையும் மாற்ற ரசிகர் சங்கத்தின் எழுத்து ஒப்புதல் வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மாதச் சம்பளத்தைப் பருவம் தொடங்கும் முன் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். பழைய ஊரில் பாக்கி வைத்த சம்பளமும் கடனும் இருந்தால் அந்தப் பட்டியலை ஆடிட்டர் கையெழுத்தோடு கேளுங்கள். அந்தப் பட்டியலைக் கொடுக்கத் தயங்குகிற உரிமையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.